வாடகை அறையின் முகவரி

பதினோரு வருஷமாக அந்த விமானிக்கு வேலை ஓர் ஊரில், குடும்பம் இன்னோர் ஊரில். இப்போது கம்பெனி புதிதாக ஒரு விமானிகள் தளம் திறக்கப்போகிறது. காலையில் நிறைய விமானங்கள் கிளம்ப வேண்டும், விமானிகளும் அங்கேயே குடியிருக்க வேண்டும், அதுதான் கணக்கு. அது தன் சொந்த ஊருக்கே வரும் என்று நம்பி, எந்த ஊரில் எத்தனை விமானிகள் குடியிருக்கிறார்கள் என்று கணக்கெடுத்த அதிகாரியிடம் போனார்.

“எங்க ஊர்ல எத்தனை பேர் சார்?”

“ரெண்டே பேர். உங்க பேரையே காணோமே கேப்டன்! நீங்களே குடியில்லாத ஊருக்கு நாங்க மட்டும் வந்து என்ன பண்றது?”

கடிதம் தவறாமல் கைக்கு வரட்டுமே என்று, வேலை பார்க்கும் ஊரில் எடுத்திருந்த வாடகை அறையின் முகவரியையே கம்பெனியில் கொடுத்திருந்தார். அந்த அறையில் அவரோடு தங்கும் அவர் ஊர்க்கார விமானிகள் ஆறு பேரும் அப்படித்தான்.

“மாத்திக் கொடுக்கட்டுமா?”

“நேத்தே முடிவாயிடுச்சு. வேற ஊரு.”

வெளியே வந்ததும் மனைவியின் போன். “எப்பங்க வீட்டுக்கு வர்றீங்க?”

‘எந்த வீட்டுக்கு?’ என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, “வியாழக்கிழமை” என்றார்.