வீர்பால் காய்ச்சிய தண்ணீர்

ஜக்சீர் சிங்கின் கோதுமையைப் பார்த்தால் எவனுக்கும் வயிறு எரியும். அப்படியொரு கரும்பச்சை. சும்மா வந்ததா அது? மணல் பூமி. பாய்ச்சுகிற தண்ணீர் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு நேரே கீழே போய்விடும். அதனால் ஒவ்வொரு பாசனத்துக்கும் இன்னொரு மூட்டை பிரிப்பான். நிலமாவது அவனுடையதா என்றால், அதுவும் இல்லை. அப்பன் விற்றுத் தின்ற நிலத்தையே வருஷக் குத்தகைக்கு எடுத்து உழுதுகொண்டிருந்தான். சொந்தக்காரர் பிக்கர் சிங் பட்டிண்டாவிலிருந்து ஜீப்பில் வருவார். இறங்க மாட்டார், பச்சையை மட்டும் பார்ப்பார். பச்சை வெளிறினால் குத்தகை வேறு கைக்குப் போகும். வயலோரத்து வீடும் குத்தகையோடு சேர்ந்தது.

அந்த மார்கழியில் அவன் கைக்குழந்தை, மகள் சீரத்தின் உதடு நீலம் பாரித்தது.

"குளிருதான்" என்றான் ஜக்சீர். பஞ்சு அடைத்த ரஜாய் போர்த்தினார்கள், கணப்பு மூட்டினார்கள். நீலம் போகவில்லை.

"தண்ணிதாங்க ஒத்துக்கல. நான் இன்னும் நல்லா காய்ச்சுறேன்" என்றாள் மனைவி வீர்பால். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால். பால்பொடி கரைக்க வீட்டு அடிபம்புத் தண்ணீர். அதைப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிட்டாள், பாவி மகள். பிள்ளையின் நகமும் கறுத்தது. ஒருநாள் புட்டியை வாயில் வைத்தால் உறிஞ்சவே தெம்பில்லை. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

"பால்பொடிக்கு எந்தத் தண்ணிம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

"அடிபம்புத் தண்ணி டாக்டர். ஆனா சும்மா குடுக்கல. பாதியா சுண்டக் காய்ச்சித்தான் குடுக்குறேன்" என்றாள் வீர்பால், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் பிள்ளையின் கறுத்த நகத்தைத் திருப்பிப் பார்த்தார். "காய்ச்சினா கிருமி சாகும்மா. நீங்க வயல்ல போடுற யூரியா உப்பா மாறித் தண்ணியில இறங்குது பாரு, அது சாகாது. தண்ணிதான் ஆவியாப் போகும், உப்பு அப்படியே தங்கிடும். பெரியவங்க உடம்பு தாங்கிடும், கைக்குழந்தைக்குத் தாங்காது. அதுதான் பிள்ளை ரத்தத்தைக் கெடுத்திருக்கு."

வீர்பால் அழவில்லை. தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'காய்ச்சினது நீ, கலந்தது நான்' என்று ஜக்சீர் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

ஊசி மருந்தில் சீரத்தின் உதடு சிவந்தது. அன்றிலிருந்து பிள்ளைக்கு வாய்க்கால் நீர் ஊறுகிற, உரம் இறங்காத கரை பம்புத் தண்ணீர். வீர்பால் சைக்கிளில் கேன் கட்டி எடுத்து வந்தாள். அடுத்த பாசனத்துக்கு ஜக்சீர் மூட்டை பிரிக்கவில்லை. கோதுமை வெளிறியது.

பிக்கர் சிங் முதல்முறையாக ஜீப்பை விட்டு இறங்கினார். "ஓய் ஜக்சீரா! பயிருக்கு என்ன, மஞ்சக் காமாலையா?"

"சர்தார்ஜி, பிள்ளை சாகப் பாத்துச்சு. யூரியா தண்ணியில இறங்குதாம்…"

"கீழ இறங்குதுன்னா மேல இன்னும் போடுறா! ஊர்ல எவன் போடல? முடியாதுன்னா சொல்லு, எடுத்துக்க ஆள் நிக்குது."

ஜீப் போனபிறகு ஜக்சீர் மூட்டையின் முன்னால் உட்கார்ந்தான். பிரிக்கக் கை வரவில்லை. எழுந்து போகவும் இடமில்லை. வீர்பால் அரிவாளோடு வந்தாள். தையலை அறுத்தாள். உரம் அள்ளும் துணியை அவன் இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

"இது நம்ம தண்ணியிலதாண்டி போய் விழும்."

"அவதான் இப்ப அதைக் குடிக்கிறதில்லையே. வீடும் போயிட்டா வாய்க்கால் தண்ணிய எங்க உக்காந்து ஊட்டுறது? போங்க" என்றாள்..

அவன் வயல் முழுக்க வீசினான். மோட்டாரைப் போட்டுவிட்டு நாக்கு வறளத் திரும்பினான். வாசலில் கேன் இருந்தது. கை நீண்டது. வீர்பால் கேனை நகர்த்தி வைத்தாள்.

"அது அவளுக்கு."

அவளே போய் அடிபம்பை அடித்தாள். அவன் இரண்டு கையையும் குவித்துக் குடித்தான். தண்ணீர் ஜில்லென்று, எப்போதும்போல இனித்தது.