கற்பகவல்லியின் சாமியில்லா டூர்

கற்பகவல்லி வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். அது அவள் குற்றமில்லை. பட்டாசுக் கம்பெனியில் அறைக்கும் அறைக்கும் நடுவே நல்ல இடைவெளி விட்டுத்தான் கட்டியிருப்பார்கள். ஒன்றில் வெடித்தால் அடுத்ததற்குத் தாவக்கூடாது அல்லவா? அந்த இடைவெளியைத் தாண்டி இருபது வருசமாக ஊர்க்கதை பேசிப் பேசியே வளர்ந்த குரல் அது. ரகசியம் என்று ஒன்றை அவள் காதில் போட்டால் முடிந்தது கதை.

சாத்தூர் ரோட்டை ஒட்டிய அந்த ஊரில் தீபாவளி முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடக்கும் நாட்களில்தான் பொம்பளைகளுக்கு மூச்சுவிட நேரம். அந்த நாட்களில் கற்பகவல்லி ஒரு வேன் பேசுவாள். இருக்கன்குடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று வருசம் ஒரு ஊர். யாருக்கு வளைவில் வாந்தி வரும், யாரை யார் பக்கத்தில் உட்காரவைத்தால் சண்டை வராது, எவ்வளவு புளிச்சோறு கிளறினால் மறுநாளைக்கும் மிஞ்சும் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இந்த வருசம் தண்ணிக் குழாயடியில் நின்றுகொண்டு அவள் போட்ட குண்டு மட்டும் ஊரையே உலுக்கிவிட்டது.

“இந்தத் தடவை கோயில் கிடையாது. மலை, காடு, ஏரி. அம்புட்டுத்தான்.”

“சாமி இல்லாம எதுக்குத்தா போறது?”

“பாக்கத்தான்!”

“எதைப் பாக்க?”

“மலையைப் பாக்க, யானையைப் பாக்க, தண்ணியைப் பாக்க. கண்ணு எதுக்கு இருக்கு? வெடிச் சரம் பின்ன மட்டுமா?”

இந்த ஆசை திடீரென்று முளைத்ததல்ல. அவள் புருசன் முனியராஜ் லோடு வேன் ஓட்டுகிறவன். ஒரு சீசனில் குமுளிக்கு லோடு கொண்டுபோனபோது துணைக்கு இவளும் ஏறிக்கொண்டாள். சரக்கை இறக்கிய கடைக்கு எதிரில் பெரிய போர்டு. அதில் நீலத் தண்ணீர், கரையில் யானைக் கூட்டம், பின்னால் மலை. “இது எங்கன இருக்கு?” என்று கேட்டாள். “இந்தா, இங்கன இருந்து கூப்பிடு தூரம்” என்றார் கடைக்காரர். அடுத்த ஆர்டர் காத்துக்கிடந்தது. முனியராஜ் வண்டியைத் திருப்பிவிட்டான். கூப்பிடு தூரம் வரை போய்ப் பார்க்காமல் வந்ததை அவள் மனசு மன்னிக்கவே இல்லை.

கோயிலுக்கு என்றால் எந்த வீட்டிலும் தடை சொல்ல மாட்டார்கள். சும்மா பார்த்துவிட்டு வருகிறோம் என்றால் ஆயிரம் கேள்வி. “போற வழியில ஏதாவது ஒரு கோயில்ல தேங்காயை உடைச்சிட்டு, கோயிலுக்குத்தான் போனோம்னு சொல்லிருவோமே” என்று ஒருத்தி யோசனை சொன்னாள். கற்பகவல்லிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “நான் என்ன திருட்டு வேலையா பாக்கேன்? ஊர் பாக்கப் போறோம்னு சொல்லிட்டே போவோம். வாறவ வாங்க.” வீடு வீடாகப் போய்ப் பேசினாள். ஒவ்வொரு வீடாக வழிக்கு வந்தது. தங்கத்தாய் வீடு மட்டும் மசியவில்லை.

தங்கத்தாயும் ஒரு காலத்தில் கம்பெனி வேலைக்குப் போனவள்தான். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்தது. ஓடியதால் பிழைத்தாள். புகை அடங்கித் திரும்பி வந்தபோது அவளோடு ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு பேர் இல்லை. அன்றோடு சரி, கம்பெனி இருக்கும் திசைப் பக்கமே அவள் தலைவைத்துப் படுத்ததில்லை. மருமகள் ரோஜா வேலைக்குப் போவதே அவளுக்கு அரைமனசு.

“காட்டுல ஏதாவது ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?” என்று வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

“நான் சொல்றேன் சித்தி.”

“நீ சொல்லுவ, வாய் இருக்கு. ஒருத்திக்கு ஒரு கீறல் விழுந்தாலும், இனி இந்தத் தெருவுல ஒரு பொம்பளைகூட உன் வேன்ல ஏற மாட்டா. நான் ஏற விடமாட்டேன். பாத்துக்கோ.”

தங்கத்தாய் சொன்னால் செய்வாள். அவள் வார்த்தைக்குத் தெருவில் அப்படி ஒரு மரியாதை. ஆனால் கற்பகவல்லி சளைக்கிற ஆளா? “அம்புட்டு பேரையும் கொண்டாந்து இந்த வேப்பமரத்தடியில முழுசா இறக்குறேன். நம்பிக்கை இல்லன்னா நீங்களும் கூட வந்து காவல் காருங்களேன்!”

ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். “வாறேன்” என்று தங்கத்தாய் சொல்லிவிட்டாள். ரோஜாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தப்பித்து ஓடுகிறோம் என்று நினைத்திருந்தவள் மடியில் மாமியாரையே தூக்கி வைத்தாகிவிட்டது.

தங்கத்தாயையும் சேர்த்துப் பதினாறு பேர். போடிமெட்டு வளைவுகளில் வேன் ஏற ஏற, சன்னல் வழியாக மேகம் உள்ளே வந்தது. ஒருத்தி கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். மூணாறு தேயிலைத் தோட்டத்தில் இறங்கியதும் ஆளுக்கொரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்கள். பிறகு ஒருத்தி, “யாத்தே! பச்சை மத்தாப்புகூட இம்புட்டுப் பச்சையா எரியாதே!” என்று சொல்ல, எல்லாருமாகச் சிரித்தார்கள். குளிரில் பல் தந்தி அடித்தது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மலையைப் பார்த்தபடி நின்ற கற்பகவல்லிக்கு, தானே கட்டிய மலை மாதிரி பெருமை. தங்கத்தாய் மட்டும் முன் சீட்டை விட்டு இறங்கவில்லை. இறங்கினவர்கள் எல்லாரும் ஏறிவிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தேக்கடி, குமுளிப் போர்டில் பார்த்த அந்த ஏரி. காலையில் காட்டுக்குள் நடை, மத்தியானம் ஏரியில் படகு. காட்டுக்குள் கூட்டிப்போக வந்த வழிகாட்டி இருளாண்டி, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். மெலிந்த ஆள், மெதுவான பேச்சு. அட்டை ஏறாமல் இருக்க முழங்கால் வரை துணி உறையை மாட்டிவிட்டு, வரிசையாக நிற்கச் சொன்னார். ஆளை எண்ணிக்கொண்டே வர வேண்டும் என்று தங்கத்தாயும் இறங்கிக் கடைசி ஆளாக நின்றாள்.

“தீப்பெட்டி, லைட்டர் இருந்தா இங்கனயே வச்சிட்டு வாங்கம்மா.”

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “எங்களுக்கா சொல்றீக? எங்க கம்பெனி வாசல்லயும் தெனம் இதைத்தானே சொல்லுவாக!”

“இன்னொண்ணு. எதைப் பாத்தாலும் ஓடக்கூடாது. ஆளுக்கொரு பக்கமா சிதறவே கூடாது. அப்படியே கூட்டமா நின்னா யானை அதுபாட்டுக்குப் போயிரும்.”

“எங்க ஆளுக என்ன பச்சப்புள்ளைகளா? சொன்ன சொல்லு கேப்பாக” என்றாள் கற்பகவல்லி.

மலை அணிலைப் பார்த்தார்கள். தூரத்துப் புல்மேட்டில் காட்டுமாடுகள் மேய்வதைப் பார்த்தார்கள். பிறகு மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். யாரும் சொல்லவில்லை, தானாகவே நாலு நாலு பேராகப் பிரிந்துதான் உட்கார்ந்தார்கள். கம்பெனியில் ஒரு அறைக்கு நாலு பேர்தான். ஒவ்வொருத்திக்கும் பக்கத்தில், வெடித்தால் ஓட, அவளுக்கென்று ஒரு வாசல். ஒரு வாசலில் ரெண்டு பேர் முட்டிக்கொண்டால் ரெண்டு பேருக்குமே ஆபத்து. அப்படியே உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய உடம்பு.

அப்போதுதான் வெடித்தது. ஒன்று, ரெண்டு, மூன்று. காடே அதிர்ந்தது.

இருளாண்டி திரும்பிப் பார்த்தார். விரித்த இலைகளும் சோறும் இருந்தன. ஆள் ஒருத்தியைக்கூடக் காணோம். ஒவ்வொருத்தியும் தன் வாசல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பறந்துவிட்டாள். கற்பகவல்லியே ஒரு மரத்தின் பின்னால் மூச்சிரைக்க நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“யம்மா, அது யானையை விரட்டுற வெடி. அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துல போடுறாக” என்றார் இருளாண்டி பதற்றத்தோடு.

“வெடின்னு தெரியுதுண்ணே. யானை எந்தப் பக்கம் வரும்?”

“ஏரிப் பக்கம் வரும். நம்ம இருக்க இடத்தைத் தாண்டித்தான் வந்தாலும் வரும். சத்தம் போடாம சீக்கிரம் எல்லாரையும் கூட்டுங்க.”

சத்தம் போடாமல்! அதுவும் கற்பகவல்லியிடம்! கம்பெனியில் ஓடியவள் போர்மேன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வரைக்கும் திரும்பி வரக்கூடாது. அடுத்த வெடி காத்திருக்கும். அதனால் எவளும் தானாக வரப்போவதில்லை, ஒளிந்த இடத்தில்தான் கிடப்பாள். தங்கத்தாய் சொன்னது காதில் கேட்டது. ஒரு கீறல் விழுந்தாலும்.

ஒரு நிமிசம்தான் கலங்கினாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். இவர்கள் ஒவ்வொருத்தியும் எந்த வாசல் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? எத்தனை வருசம் ஒன்றாக உட்கார்ந்தவர்கள்! மேற்கு வாசல்காரிகளைத் தேடி மேற்கே போனாள். புதருக்குப் பின்னால் குத்தவைத்திருந்த ரோஜாவின் தோளைத் தொட்டு, “ரோஜா, வா” என்று காதோடு சொன்னாள். ரோஜா எழுந்தாள். தெற்கே மூன்று பேர், கிழக்கே பாறை மறைவில் நாலு பேர். இருளாண்டி பின்னாலேயே வந்து ஒவ்வொருத்தியையும் வெட்டவெளிக்கு அனுப்பினார். முட்டி சிராய்த்தது ஒருத்திக்கு, செருப்பு போனது இன்னொருத்திக்கு.

எல்லாரும் வந்துவிட்டார்கள். தங்கத்தாயைத் தவிர.

“ரோஜா, உங்க அத்தை எந்த வாசல்?”

“தெரியலையே மதினி! அவுக வேலையை விட்டது நான் வாக்கப்பட்டு வாறதுக்கு முன்னாடியே.” ரோஜா அழுதுவிட்டாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “வீட்டுல எப்பவும் வடக்குப் பக்கம் புறவாசலை ஒட்டித்தான் படுப்பாக. மழை வந்து சாரல் அடிச்சாலும் எடத்தை மாத்த மாட்டாக” என்றாள்.

வடக்கே ஏரி. கற்பகவல்லியும் இருளாண்டியும் மரங்களுக்கு ஊடாக இறங்கினார்கள். தங்கத்தாய் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். சேலை நனைந்திருந்தது. ரெண்டு கையாலும் காதைப் பொத்தியிருந்தாள். ஆனால் கண் மட்டும் எதிரே இருந்தது. ஏரியின் அந்தக் கரையில் யானைக் கூட்டம் ஒன்று காட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. குட்டிகளை நடுவில் விட்டுப் பெரியவை சுற்றி நின்றன. இருளாண்டி அப்பாடா என்று மூச்சுவிட்டார். இடையில் ஏரி கிடந்தது.

“சித்தி, வாங்க.”

“இரு. இன்னொண்ணு வரணும்.”

“எது?”

“பின்னால ஒண்ணு நொண்டிக்கிட்டு வந்துச்சு. மரத்துக்குள்ள போயிருச்சு. அது வரட்டும். அதுகளும் போகாம நிக்கி பாரு.”

அவளை அசைக்க முடியவில்லை. மூன்று பேரும் அப்படியே நின்றார்கள். மரக்கிளைகள் அசைந்தன. வயசான யானை ஒன்று மெதுவாக வெளியே வந்து கூட்டத்தோடு சேர்ந்தது. போர்டில் பார்த்த அதே நீலத் தண்ணீர், யானைகள், மலை. ஆனால் கற்பகவல்லி தங்கத்தாயின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஆளுக?” என்றாள் தங்கத்தாய்.

“அம்புட்டு பேரும் இருக்காக.”

தங்கத்தாய் நம்பவில்லை. வெட்டவெளிக்கு வந்து ஒவ்வொருத்தி தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணினாள். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். சிராய்த்த முட்டியையும் குனிந்து பார்த்தாள். கீறலைக் கணக்கெடுக்கிறாள் என்று கற்பகவல்லி நினைத்தாள்.

மத்தியானம் படகில் போனார்கள். தண்ணீருக்குள் நின்ற பட்டமரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்தன. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். தங்கத்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்து சேரும் வரைக்கும் பேசவில்லை. கற்பகவல்லி சன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். போகட்டும், ஒரு தடவையாவது பார்த்துவிட்டோம் என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். மனசு தேறவில்லை. அடுத்த தீபாவளிக்குப் பின்னால் பூட்டிய கம்பெனியையும் அடுப்படியையும் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறவர்களை நினைத்து அழுகை முட்டியது.

வேப்பமரத்தடியில் வீட்டு ஆட்கள் கூடியிருந்தார்கள். வேனை விட்டு ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். தங்கத்தாயின் புருசன் தங்கச்சாமி முன்னால் வந்தார். “என்ன, ஒண்ணும் நடக்கலையே?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். கற்பகவல்லிக்கு அந்தப் பழக்கம் இல்லை.

“நடந்துச்சு சித்தப்பா” என்று ஆரம்பித்தாள்.

“நீ சும்மா இரு. நான் சொல்றேன்” என்று தங்கத்தாய் குறுக்கே வந்தாள்.

கூடியிருந்தவர்களைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

“காட்டுக்குள்ள வெடிச் சத்தம் கேட்டுச்சு. அம்புட்டு பேரும் ஓடுனோம். ஆளுக்கொரு பக்கம் ஓடுனோம். இவ ஒவ்வொருத்தியா தேடிக் கூட்டியாந்தா. நான் தலையைத் தொட்டு எண்ணிப் பாத்தேன். ரெண்டு தடவை எண்ணுனேன்.” அவள் ரோஜாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். “வெடிக்கு ஓடித் திரும்பி வந்து, அம்புட்டு பேரும் இருந்ததை என் ஆயுசுல நான் பாத்ததில்லை. இவதான் எனக்குக் காட்டுனா.”

அந்த ஊரில் அதைப் புரிந்துகொள்ளாத வீடு கிடையாது. தங்கச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கற்பகவல்லி போய்ச் சித்தியின் கையைப் பிடித்தாள். “வாங்க சித்தி, வீட்டுக்குப் போவோம்” என்றாள். தெருக்கோடி வரைக்கும் கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் நின்ற ரோஜாவுக்குக்கூடக் கேட்கவில்லை.