கந்தப்பு ஆடிய முதல் பத்து ஆட்டங்கள்

சண்டையில் பெற்றோல் வராமல் யாழ்ப்பாணம் மண்ணெண்ணெயில் மோட்டார்சைக்கிள் ஓட்டிய காலத்தில், அந்த மோட்டார்சைக்கிள்களை நின்றுபோகாமல் ஓட வைத்தவன் நான். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூரையும் கதவும் இல்லாமல் நின்ற கடைக்குத் தகரம் போட்டு, அதைச் சைக்கிள் திருத்தும் கடை ஆக்கினேன். பிறகு அதையே, காசு கட்டிப் போன் கதைக்கிற கொமினிக்கேசன் ஆக்கினேன். வெளிநாட்டுக்குக் கதைக்க வந்த சனம் என் வாங்கில் இருந்து அழுதும் சிரித்தும் போனது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு அதே இடத்தில் நெற்கபே போட்டேன். இரண்டு மாடியில் வீடு கட்டினேன். மகளை இஞ்சினியர் ஆக்கினேன். இவ்வளவும் ஆறாம் வகுப்பை முடிக்காத படிப்போடு.

இவை எல்லாம் ஊருக்குத் தெரிந்தவை. தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் ஒரு கூடைப்பந்து அணியும் நடத்தினேன். அதில் ஆடியவர்கள் ஒருவரும் இந்த உலகத்தில் பிறக்கவில்லை. சிரிக்காமல் கேளுங்கள்.

போன கிழமை குருநகரிலிருந்து அன்ரன் வட்ஸ்அப்பில் ஒரு பக்கம் அனுப்பியிருந்தான். அன்ரன் இப்போது பள்ளிக்கூட ஆசிரியர். அப்போது கம்பஸில் படித்த பெடியன், என் கடையின் சுவரோரக் கதிரைக்குச் சொந்தக்காரன். அவனும் கூட்டாளிகளும் என் கடையில் வைத்துத் தொடங்கிய கொம்பியூட்டர் கூடைப்பந்து லீக்கை இன்றைக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து நம்முடைய பிள்ளைகள் ஆடுகிறார்களாம். அதன் வரலாற்றை ஒரு பக்கமாய் எழுதிப் போட்டிருக்கிறார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆறுதலாய் வாசித்தேன். முதல் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் கந்தப்பு என்று இருந்தது. நெஞ்சு நிறைந்தது. அடுத்த வரியில், உரிமையாளர் இல்லாமல் கொம்பியூட்டரே நடத்திய திருநெல்வேலி அணியிடமிருந்து குருநகர் அணி இவரைப் பெற்றுக்கொண்டது என்று இருந்தது.

உரிமையாளர் இல்லாமல். நான் நடத்திய அணி அது. கையில் இருந்த பால்தேத்தண்ணி ஆடை கட்டிப்போனது.

அந்தக் கோபத்திலும் முதலில் வந்தது ஒரு மணம்தான். பழைய பெட்டி மொனிற்றர்கள் சூடாகும்போது உள்ளே கிடக்கும் தூசு வேகிற மணம். அதோடு பின்பக்க ஜெனரேற்றரின் புகை, பக்கத்துக் கடைக் கடலை வடை, மழையில் நனைந்து வந்த பெடியளின் சேட்டு. பலாலி வீதியில் பஸ் போனால் மேசைகள் எல்லாம் ஒருமுறை நடுங்கும். இன்றைக்கும் எங்காவது இரும்பு சூடேறும் மணம் வந்தால் என் கை தானாய் ஜெனரேற்றர் இழுக்கும் கயிற்றைத் தேடும். மனுசிதான் கையில் தேங்காயைத் தந்து, துருவச் சொல்லி அதை நிறுத்துவாள்.

லீக் என்றால் இதுதான். கொம்பியூட்டருக்குள் ஒரு புரோகிராம். அது தானே வீரர்களை உண்டாக்கும். ஒவ்வொருவருக்கும் பெயர், உயரம், வயது, எறிகிற திறமைக்கு ஒரு இலக்கம், ஓடுகிற திறமைக்கு ஒரு இலக்கம். பெடியள் ஆளுக்கொரு அணி, யாழ்ப்பாணத்து ஊர் ஒன்றின் பெயரில், வைத்திருப்பார்கள். யார் தொடக்கத்தில் இறங்குவது, யார் எவ்வளவு நேரம் ஆடுவது, பந்து யாரிடம் போகவேண்டும் என்று குறித்துக் கொடுத்தால் மிச்சத்தைப் புரோகிராம் கணக்குப் பார்க்கும். பின்னேரம் விரிவுரை முடிந்து எல்லாரும் வந்த பிறகு ஜெயசீலன் ஒரு பொத்தானை அமத்துவான். அன்றைய ஆட்டங்களின் முடிவு வரும். ஒரு பந்தையும் கண்ணால் காண முடியாது. ஆனால் சத்தத்தைக் கேட்டால் மைதானமே உள்ளே இருக்கிறது என்று நினைப்பீர்கள். பாதியில் கரண்ட் போனால் அன்றைய ஆட்டமெல்லாம் பாழ். அதனால் அந்தப் பொத்தானை அமத்துவதற்கு முன்பே நான் ஜெனரேற்றரை இழுத்து ஓட விடுவேன். அந்த லீக்கின் இதயம் எது என்று யாராவது கேட்டால், அது பின்பக்கத்தில் புகைவிட்டுக்கொண்டு நின்றது என்று சொல்லுங்கள்.

ஜெயசீலன் மானிப்பாய்ப் பெடியன். மூன்று தலைமுறையாய் மிசன் பள்ளிக்கூடம், ஞாயிறு ஆராதனை, வீட்டில் பியானோ. உண்மையான கூடைப்பந்தும் ஆடியவன். லீக்கின் சட்டம் எல்லாம் அவன் போட்டதுதான். பருவம் தொடங்கும் நேரத்தில் ஒரு பெடியனுக்கு லண்டன் விசா வந்துவிட்டது. அவனுடைய திருநெல்வேலி அணி ஆளில்லாமல் நின்றது. கொம்பியூட்டரே அதை நடத்தட்டும் என்றான் ஜெயசீலன். ஏன், நான் நடத்தக் கூடாதோ என்று கவுண்டரில் இருந்தபடி கேட்டேன்.

“அண்ணை, பாஸ்கற்போல் ரீமிலை எத்தினை பேர் ஆடுறவை எண்டு தெரியுமே?” என்று கேட்டான் ஜெயசீலன்.

“கரண்ட் போனா ஒருத்தரும் ஆடேலாது எண்டு தெரியும்” என்றேன்.

அணி எனக்கு வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் ஈமெயில் முகவரி கேட்டது. நெற்கபே வைத்திருந்தேனே தவிர, எனக்கென்று ஒரு ஈமெயில் இருக்கவில்லை. யாருக்கு எழுத? எழுதவேண்டிய ஆட்கள் எல்லாம் என் கடைக்கே வந்தார்கள். அந்த இடத்தைச் சும்மா விட்டுவிடு என்றேன். இன்றைய வில்லங்கத்தின் விதை அங்கேதான் விழுந்தது.

புதுமுகங்களைப் பங்குபோட்டபோது கடைசியாய் வந்தவன் என்று எனக்கு ஒரே ஒரு ஆளைத்தான் எடுக்கலாம் என்றார்கள். மிஞ்சிக் கிடந்த பெயர்களில் எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்த ஒருவனை எடுத்தேன். நாலெழுத்துப் பெயர். அதிர்ஷ்டம் என்று பெடியள் சொன்னார்கள். அவ்வளவு பேருக்குள் அவனில் போய் என் கண் நின்றது என்றால் அதற்குப் பெயர் வேறு.

வெள்ளைக்காரப் பெயர்களைக் கடைக்குள் கத்திக் கூப்பிட ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதனால் அன்ரன் ஒரு வழக்கம் தொடங்கினான். எடுத்த புதுமுகத்துக்கு நம்முடைய பெயர் வைப்பது. அதோடு எல்லாரும் தங்கள் ஆட்களை இறக்கிவிட்டார்கள். மாமா, சித்தப்பா, தேவாலயத்தில் மணி அடிக்கிற சங்கிலித்தாம், மருந்து கொடுக்கிற முன்வீட்டுப் பரியாரி, எல்லாரும் ஆறரை அடி உயரத்தில் மைதானத்தில் நின்றார்கள். நான் என்னைப் பெற்ற அப்புவின் பெயரை வைத்தேன். கந்தப்பு. சுன்னாகம் சந்தையில் மூட்டை சுமந்தவர். என் தோளளவுதான் இருப்பார். ஒரு நாளும் பந்தைத் தொட்டதில்லை, எனக்கு ஒன்று வாங்கித் தந்ததும் இல்லை.

முதல் ஆட்டத்திலேயே கந்தப்பு இருபத்திரண்டு புள்ளி எடுத்தார். பெடியள் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். நான் ஒன்றும் தெரியாதவன் போல மேசை துடைத்தேன். இரண்டாவதில் இன்னும் கூட. மூன்றாவதில் ஜெயசீலனின் மானிப்பாயையே தனியாளாய் நின்று விழுத்தினார். நான் பெரிய எழுத்தில் ‘கந்தப்பு 22’ என்று அச்சடித்து முன் கண்ணாடியில் ஒட்டினேன். அப்புவைத் தெரிந்த ஒரு பழைய மனிதர் சைக்கிளை நிற்பாட்டி, அப்புவின் இருபத்திரண்டாம் ஆண்டுத் திவசம் எப்போது, சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டுப் போனார்.

இந்தப் பெயர் வைத்த விளையாட்டில் ஒரு பிழை இருந்ததை நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை. முதல் பத்து ஆட்டத்தில் ஒரு புதுமுகம் சராசரி நாலு புள்ளியாவது எடுக்காவிட்டால் புரோகிராம் அவனைக் கழித்துவிடும். கழித்தால் ஆளே அழிந்துபோவான், பெயரும் சேர்த்து. வெள்ளைக்காரப் பெயராய் இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விடலாம். சொந்தச் சித்தப்பாவை எப்படி விடுவது?

அன்ரனின் புதுமுகத்தின் பெயர் அலோசியஸ். இரண்டு புள்ளி, ஒன்றுமில்லை, ஒரு புள்ளி, திரும்பவும் ஒன்றுமில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அன்ரனின் கதை குறைந்துகொண்டு போனது. உவனைக் கழிச்சுவிடு மச்சான், புதுசா ஒருத்தனை எடுக்கலாம் என்று பெடியள் பகிடி விட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அலோசியஸ் அன்ரனின் தமையன். கடலில் தொழில் செய்த பெடியன். அவுஸ்திரேலியாவுக்கென்று போட்டில் ஏறி மாதக்கணக்காகியும் ஒரு தகவல் இல்லை. கொமினிக்கேசன் காலத்திலிருந்து அவனுக்கு மனப்பாடமாய்த் தெரிந்த ஒரே இலக்கம் என் கடை இலக்கம். அதனால் தாய் நாளும் குருநகரிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒன்றும் கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டுவேன், இல்லை என்று. திரும்பிப் போவாள். அன்ரன் அதைக் காணாதவன் போலத் திரையைப் பார்த்துக்கொண்டு இருப்பான்.

ஒன்பது ஆட்டம் முடிந்தது. பத்தாவதில் அலோசியஸ் முப்பது எடுத்தாலும் போதாது. அன்றைக்கு அன்ரன் உள்ளே வரவில்லை. சைக்கிளைப் பிடித்தபடி வாசலில் நின்றான். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதானே என்று ஜெயசீலன் மெதுவாய்ச் சொன்னான். அவனும் பொல்லாதவன் இல்லை. பொத்தானில் கை வைக்க அவனுக்கும் விருப்பமில்லை.

எனக்கு ஒரு சட்டம் ஞாபகம் வந்தது. அணி மாறினால் கணக்குப் புதிதாய்த் தொடங்கும். ஆனால் புதுமுகத்துக்குப் புதுமுகம்தான் மாற்றலாம். என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஆள்.

“அன்ரன், உள்ளை வா” என்றேன். “என்ரை அப்புவைத் தாறன். உன்ரை அண்ணையை எனக்குத் தா.”

ஜெயசீலன் கதிரையோடு என் பக்கம் திரும்பினான். பின்பக்கத்தில் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டு நின்றது.

“அண்ணை, விசரே உங்களுக்கு?” என்றான் ஜெயசீலன். “இந்த வருசத்துச் சிறந்த றூக்கி கந்தப்புதான். ரீம் நாசமாப் போயிடும்.”

“அப்பு செத்துக் கனகாலம். அவருக்கு இனி ஒண்டும் ஆகாது” என்றேன். “உவன்ரை தமையன் எங்கை நிக்கிறான் எண்டு தெரியாது. அவனை ஒருத்தரும் அழிக்க வேண்டாம்.”

ஜெயசீலன் பெயர்களை மாற்றினான். அன்ரன் வந்து தன் கதிரையில் இருந்தான். முகத்தைத் துடைக்க அவனிடம் லேஞ்சி இல்லை. நான் மொனிற்றர் துடைக்கிற துணியைக் கொடுத்தேன். அதையும் வாங்கித் துடைத்தான்.

அதற்குப் பிறகுதான் என்னுடைய உண்மையான நிர்வாகம் தொடங்கியது. அலோசியஸைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நிறுத்தினேன். பந்து யாரிடம் வந்தாலும் அலோசியஸுக்குப் போகவேண்டும், எறிவது அலோசியஸ் மட்டும்தான் என்று குறித்தேன். அவன் எறிந்தான், எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். பத்தில் ஒன்று விழும். திருநெல்வேலி அணி எல்லாரிடமும் தோற்றது. கடைக்கு வந்து போன கம்பஸ் பெட்டையள் கூட என்ன அண்ணை இன்றைக்கும் தோல்வியோ என்று கேட்டுச் சிரித்தார்கள். ஓம் பிள்ளை, இன்றைக்கும்தான் என்று தலை நிமிர்ந்து சொன்னேன். புதிதாய்த் தொடங்கிய பத்து ஆட்டமும் முடிந்தபோது அலோசியஸின் சராசரி நாலுக்கு ஒரு மயிரிழை மேலே நின்றது. நான் எல்லாருக்கும் கடலை வடை வாங்கிக் கொடுத்தேன். கடைசி இடத்தில் நிற்கும் அணியின் உரிமையாளர் கொடுத்த விருந்து உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

மழை பெய்த ஒரு மத்தியானம் கவுண்டர் போன் அடித்தது. கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல்.

“அண்ணை, அலோசியஸ் கதைக்கிறன். ஒரு தீவிலை காம்பிலை வைச்சிருக்கிறாங்கள். உயிரோடை இருக்கிறன் எண்டு அம்மாட்டைச் சொல்லுங்கோ.”

“தம்பி, நீ இஞ்சை எல்லா ஆட்டமும் தோத்துக்கொண்டு நிக்கிறாய்” என்றேன். “ஆனா நிக்கிறாய்.”

லைன் அறுந்துபோனது. பாவம், அவன் என்ன நினைத்தானோ. நான் கடையை மூடிவிட்டு மழைக்குள்ளேயே குருநகருக்கு மோட்டார்சைக்கிளை விட்டேன்.

கந்தப்புவைத் திருப்பித் தருகிறேன் என்று அன்ரன் வந்து நின்றான். கொடுத்தது கொடுத்ததுதான், அப்பு கடற்கரைப் பக்கம் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டேன். பருவம் முடிய அப்புதான் சிறந்த புதுமுகம். சந்தையில் அவரை ஏய் என்று கூப்பிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

இப்போது அந்தக் கடை குளிரூட்டிய ஜூஸ் கடை. வாடகை எனக்குத்தான் வருகிறது, அதையும் சொல்லிவைக்கிறேன். மொனிற்றர்களைப் பழைய இரும்புக்காரன் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். கரண்ட் போவது குறைந்துவிட்டதால் ஜெனரேற்றரையும் தேடுவாரில்லை. ஒரு ஊரே மனப்பாடமாய் வைத்திருந்த அந்த போன் இலக்கத்தை இன்றைக்கு அடித்தால் அப்படி ஒரு இலக்கம் இல்லை என்று ஒரு பெண்குரல் மூன்று பாசையில் சொல்கிறது. பெடியள் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஒரு சத்தமும் இல்லாமல் ஜூஸ் குடிக்கிறார்கள். ஒருவன் வென்றால் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது.

ஜெயசீலன் லீக்கை இளம் ஆட்களிடம் கொடுத்துவிட்டு விலகிக் கன வருசம். அன்ரன் அவர்களுக்கு நடந்ததை எழுதியிருக்கிறான். அவர்கள் பழைய பதிவைப் பார்த்தார்களாம். உரிமையாளர் என்ற இடம் காலியாய் இருக்கிறதாம். அதோடு, திறமையான ஆளைக் கொடுத்துவிட்டு, எறியத் தெரியாதவனையே எறியவிட்டு, வரிசையாய்த் தோற்ற அணியை ஒரு மனிசன் நடத்தியிருக்க முடியாதாம். கொம்பியூட்டர் பிழையாய்த்தான் இருக்குமாம்.

பிள்ளைகளே, நன்றாய்க் கேளுங்கள். அந்தப் புரோகிராமை என் கடையில் வைத்துத்தான் படித்தோம் என்று உங்கள் மூத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அது வெல்லத்தான் பார்க்கும். நாலு புள்ளிக்குக் கீழே நின்றவனை அது ஒரு நாளும் தூக்கி வைத்திருக்காது. அப்படித் தோற்க அதற்குத் தெரியாது, அதற்கு ஒரு ஆள் வேண்டும். அந்தக் காலி இடத்தில் கந்தப்பு மகன் என்று முன்னால் போட்டு, என் பெயரை முழுதாய் எழுதுங்கள். அப்புவைக் கொடுத்த பிறகு எல்லா ஆட்டமும் தோற்றான் என்பதையும் விடாமல் எழுதுங்கள்.