பவானி சொன்ன படங்கள்

பள்ளிக்கூடக் காதலைப் பற்றி எழுதுகிறவர்கள் ஏன் இப்படி வெல்லப்பாகு காய்ச்சுகிறார்கள் என்று எனக்குப் புரிவதேயில்லை. மயிலிறகு, சைக்கிள், மழை. படிக்கும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கும் ஒன்று வந்தது, ஒன்பதாம் வகுப்பில். அதை நினைத்தால் இன்றைக்கும் முதுகுத்தண்டில் ஏதோ ஊர்கிறது.

மயிலாப்பூரில் நான் படித்த பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தவர்கள், திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில், பார்க்காதவர்களுக்குக் கதை சொல்ல வேண்டும். சும்மா சொன்னால் போதாது. சண்டைச் சத்தம், பின்னணி இசை எல்லாவற்றையும் வாயாலேயே கொடுக்க வேண்டும். கேட்கிறவர்கள் தங்கள் டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு வாய் கொடுப்பார்கள். இதில் பவானியை அடிக்க ஆளில்லை. ஒல்லியாக இருப்பாள். எண்ணெய் வழியும் இரட்டைப் பின்னல். அவளுடைய அம்மா யாருடனோ ஓடிப்போய்விட்டதாக அவளுடைய அப்பாவே ஆசிரியையிடம் சொல்லியிருந்தார். அது வகுப்பு முழுக்கத் தெரியும். தினமும் மொபெட்டில் கொண்டுவந்து விட்டு, சாயங்காலம் வந்து அழைத்துப் போவார். நெற்றி நிறைய விபூதி. எங்களைக்கூட வாங்க போங்க என்றுதான் பேசுவார்.

பவானி எந்தப் படத்தைச் சொன்னாலும் அதில் ஓர் இடம் வரும். அடிதடிப் படமோ சிரிப்புப் படமோ, கதாநாயகன் ஒரு தெருவில் நடந்து போவான். மாடியில் ஒரு அறை. உள்ளே ஒரு பெண். அவள் வளையலால் ஜன்னல் கம்பியைத் தட்டுவாள். அந்த இடம் வந்ததும் பவானி பேச்சை நிறுத்திவிட்டு ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் விரலால் தட்டுவாள். டொக், டொக். கொஞ்சம் விட்டு, டொக். நாற்பது பேர் இருக்கிற வகுப்பில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒருமுறை சலீம், என் பக்கத்து இருக்கைக்காரன், பொறுக்காமல் கேட்டான், அந்த வீட்டில் வேறு யாருமே இல்லையா என்று. ஒரு பொண்ணு இருக்கிறாள் என்றாள் பவானி.

“அப்ப அவ தெறக்க வேண்டியதுதானே?”

“அவ தெறந்தா அவளையும் உள்ள போட்டுருவாங்க. அவ வெளிய இருக்கும்போது வேற யாராவது வந்துதான் தெறக்கணும்.”

யார் திறந்தார்கள் என்பதை மட்டும் அவள் சொன்னதே இல்லை. கிளைமாக்ஸைச் சொன்னால் நீங்கள் போய்ப் பார்க்க மாட்டீர்கள் என்பாள்.

அந்தத் தட்டலுக்குத்தான் நான் விழுந்தேன். முகம், சிரிப்பு எல்லாம் அப்புறம்.

என் சித்தப்பா அடையாறில் ஒரு தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலையில் இருந்தார். அதனால் எனக்கு ஓசிப் படம். பவானி சொன்ன படம் ஒன்றை அங்கே போய்ப் பார்த்தேன். மாடி அறை வரவேயில்லை. அடுத்த வாரம் இன்னொன்று. அதிலும் இல்லை. பவானி பொய் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. தியேட்டர்காரன் மேல்தான் கோபம் வந்தது. சித்தப்பாவிடம் சண்டைக்குப் போனேன்.

“படம் நீளமா கீதுன்னு ஆபரேட்டர் வெட்டிக் கடாசியிருப்பான்டா,” என்றார் அவர். “நீ இன்னா, அந்த சீன்ல நடிச்சவ மாதிரி குதிக்கிற?”

நான் விடவில்லை. ஆபரேட்டர் அறைக் குப்பைக்கூடையிலிருந்து வெட்டிய பிலிம் துண்டுகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றாக டியூப்லைட் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாட்டு, பாட்டு, வில்லனின் கார், மறுபடியும் பாட்டு. வளையல் போட்ட கை ஒன்றுகூட இல்லை. கதாநாயகி சிரிக்கிற துண்டு ஒன்றை மட்டும் காகிதத்தில் மடித்து, மறுநாள் பவானியிடம் கொடுத்தேன். அதுதான் என் காதல் கடிதம். கூடவே, அந்தக் காட்சியை எங்கள் தியேட்டரில் வெட்டிவிட்டார்கள் என்ற குறையையும் சொன்னேன்.

அவள் பிலிமைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தாள். சினிமாவில் இந்த இடத்தில் வயலின் வாசிப்பார்கள்.

“நீ தேடினியா?” என்றாள்.

“ரெண்டு படத்துல.”

“அந்த மாடி வீட்டுக்கு நீ போயிருந்தா இன்னா பண்ணியிருப்ப?”

“ஒரே உதை. கதவு தூள்.”

“உதைக்கக் கூடாது. சத்தம் கேக்கும்,” என்றாள் மெதுவாக. பிறகு மந்தைவெளி பஸ் நிலையத்துக்குப் பின்னால் தன் வீட்டுக்கு வழி சொன்னாள். வியாழக்கிழமை மூன்று மணிக்கு வர முடியுமா என்று கேட்டாள். வியாழக்கிழமை மத்தியானம் அப்பா கோயிலில் வரிசையைப் பார்த்துக்கொள்ளும் சேவைக்குப் போய்விடுவாராம். மாடி ஏறினால் கடைசிக் கதவு.

அப்பா இருக்க மாட்டார் என்பதும் வர்றியா என்பதும் மட்டும்தான் என் காதில் ஏறின.

வியாழக்கிழமை வயிற்றுவலி என்று சொல்லி மத்தியானமே கிளம்பினேன். பையில் நல்ல சட்டையும் பவுடர் டப்பாவும் இருந்தன. கழிவறையில் சட்டை மாற்றியதைச் சலீம் பார்த்துவிட்டான். “இன்னா மச்சி, வயித்துவலிக்கு மூஞ்சில பவுடரு?” என்றான். பவானி வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பின்னால் எப்படியும் வந்துவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். படங்களில் வருவார்கள்.

வீட்டின் கீழ்ப்பகுதி வாடகைப் பாத்திரம் அடுக்கி வைக்கிற கிடங்கு. பூட்டியிருந்தது. பக்கவாட்டுப் படியில் ஏறினேன். நல்ல வெயில், ஆனால் மாடி நடையில் ஈரவாடை அடித்தது. முதல் கதவில் பெரிய பூட்டு. அதைத் தாண்டி, கடைசியில், சின்னக் கதவு. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பூட்டு இல்லை.

கதவுக்குப் பக்கத்து ஜன்னலின் கண்ணாடி முழுக்க உள்பக்கமாகச் செய்தித்தாள் ஒட்டியிருந்தார்கள். சினிமா விளம்பரப் பக்கங்கள். வெளியிலிருந்தே படிக்க முடிந்தது. பவானி எங்களுக்குச் சொன்ன படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. சொன்ன வரிசையில், மேலிருந்து கீழே. கடைசியாக ஒட்டியது போன திங்கட்கிழமை சொன்ன படம். அதற்குக் கீழே ஒரு சதுரம் காலியாக இருந்தது. அதன் பின்னால் இருட்டு.

இவள் ஒரு படமும் பார்த்ததில்லை என்பது மட்டும் எனக்கு அப்போது உறைத்தது. ஏமாந்த ஆத்திரத்தில், உள்ளே என்னதான் இருக்கிறது பார்ப்போம் என்று தாழ்ப்பாளில் விரல் வைத்தேன். வழுக்கியது.

டொக், டொக்.

கை அப்படியே நின்றுவிட்டது.

டொக்.

காலியான சதுரத்தில் ஏதோ அசைந்தது. கதவுக்கு மிக அருகில், பேசியே பல நாளான மாதிரி ஒரு குரல், “வந்துட்டியாப்பா?” என்றது.

நான் ஓடினேன். எத்தனை படி, எந்தத் தெரு, ஒன்றும் தெரியாது. பஸ் நிலையத்தில் ஆட்களைப் பார்த்த பிறகுதான் நின்றேன். பேய் என்று முடிவு செய்தேன். பதினாலு வயதில் அது ரொம்ப வசதியான முடிவு.

வெள்ளிக்கிழமை காலையில் பவானி என் இருக்கைக்கே வந்தாள்.

“வந்தியா?”

“இல்ல. வயித்துவலி. வீட்டுல படுத்துட்டேன்.”

அவளுக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் சொல்லாமலா இருந்திருப்பாள்? ஆனால் பவானி என்னைத் திட்டவில்லை. “சரி” என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்குத் திங்கட்கிழமை இல்லை. ஆனாலும் சாப்பாட்டு வேளையில் அவளே எழுந்து, இதுவரை விட்ட கிளைமாக்ஸைச் சொல்லப் போகிறேன் என்றாள். எல்லோரும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். அவள் மூடியில் தட்டவில்லை.

“யாரும் வரல,” என்றாள். “அவ்ளோதான் படம்.”

இதற்கா இத்தனை நாள் சோறு போட்டோம் என்று கத்தினார்கள். மொக்கைப் படம் என்று முதலில் கத்தியது நான்.

அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரை அடித்தார்கள். அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. தாயும் மகளும் என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒன்றும் கிழிக்கவுமில்லை.

அந்த வியாழக்கிழமை நான் வீட்டுக்கு வந்ததும் அம்மா கத்தியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. நல்ல சட்டையின் ஓரத்தில், நான் விரலைத் துடைத்த இடத்தில், எண்ணெய்க் கறை. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, தலைக்கு வைக்கிற தேங்காய் எண்ணெய், எங்கேடா போய்த் தேய்த்துக்கொண்டு வந்தாய் என்றாள். கதவின் ஆணியெல்லாம் துருவேறிக் கிடந்த அந்த வீட்டில், தாழ்ப்பாளுக்கு மட்டும் யார் எண்ணெய் போட்டது, சத்தமில்லாமல் அது யாருக்காகத் திறக்க வேண்டியிருந்தது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. கறை போகுமா போகாதா என்பதுதான் எனக்கு அன்றைக்குக் கவலை.