எங்க ரத்தத்துக்கு எவன் பேர்ல பட்டா?

தனம் அக்கா போய்விட்டார் என்று அவர் மகள் செல்வி போன் செய்தபோது நான் லேபில் ட்யூப்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. கம்பெனிக்காரன் இன்னும் பதிலே சொல்லவில்லை, அதற்குள் இந்த மனுஷிக்கு என்ன அவசரம்?

எங்கள் ராயபுரம் லேபுக்கு வந்தவர்களுக்கு அக்காவைத் தெரியும். ஊசி ஏறுவதே தெரியாமல் ரத்தம் எடுப்பார். அவருடைய அம்மா, தங்கை இருவரையும் மார்பகப் புற்றுநோய் கொண்டுபோனது. அவருக்கும் அதுவே வந்தபோது, ஆராய்ச்சி என்று ஒரு மருந்துக் கம்பெனி வந்தது. குடும்பத்தில் எந்த ஜீனில் கோளாறு என்று கண்டுபிடித்துச் சொல்வதாகப் பேச்சு. செல்வியின் ரத்தத்தை அக்காவே எடுத்துக் கொடுத்தார்.

கண்டுபிடித்தார்கள். சொல்லத்தான் இல்லை. அந்த ஜீனுக்குப் பேட்டன்ட் கேட்டிருக்கிறார்களாம். அது கிடைக்கும்வரை செல்விக்கு அந்தக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாதாம். கிடைத்துவிட்டால் வேறு எந்த லேபும் சோதிக்கக் கூடாதாம். சோதிக்கும் மெஷினுக்கு உரிமை வாங்கட்டும், யார் வேண்டாமென்றது? பிறக்கும்போதே உடம்பில் இருப்பதற்குமா?

கம்பெனிக்கு மனு எழுத அக்காவும் நானும் உட்கார்ந்தோம். அக்கா பேட்டன்ட்டைப் 'பட்டா' என்றே எழுதியிருந்தார். வியாசர்பாடியில் வீட்டுப் பட்டாவுக்கு அலைந்த காதில் அப்படித்தான் விழுந்திருக்கிறது. நான் பெரிய மேதாவி, 'காப்புரிமை' என்று திருத்தினேன்.

"காப்புன்னா யாருக்குபா காப்பு, எம்பொண்ணுக்கா? நா இருக்கிற வூட்டுக்கே பட்டா இல்ல. எங்க ரத்தத்துக்கு எவனோ பட்டா வாங்கிகினு போறான், நீ எழுத்து திருத்திகினு கீற!"

திரும்பவும் பட்டா என்றே மாற்றினேன்.

கம்பெனி அதிகாரி படித்துவிட்டுச் சிரித்தார். "பட்டா இல்லம்மா. கண்டுபிடிச்சவங்களுக்குக் குடுக்கிற உரிமை."

"இன்னா சார் கண்டுபுட்ச்ச? எங்கம்மாகிட்ட இருந்துச்சு, எங்கிட்ட கீது. தொலஞ்சா போச்சு, நீ கண்டுபுடிக்க?"

சிரிப்பு நின்றது. ஆனாலும் சோதனை முடிவைச் சொல்லவில்லை. எத்தனை முறை போனாலும் "மேலிடத்துல கேக்கறோம்" என்ற அதே பாட்டுதான். கீமோ முடிந்த கையோடு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து நின்றவரிடமும் அதையே சொன்னார்கள். சே!

காசிமேடு மயானத்தில் எல்லாம் முடிந்து திரும்பும்போது, கைக்குழந்தையைத் தோளில் போட்டிருந்த செல்வி கேட்டாள்: "எனக்கும் கீதா மாமா? இவளுக்கு?"

தெரியாது என்றேன். தெரிந்தவன் ஒருவன் எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய விடாப்பிடி ஒன்றைத்தான். திங்கட்கிழமை செல்வியோடு அந்தக் கம்பெனி ஆபீசுக்குப் போகிறேன். அக்காவுக்காக அழுதவர்கள் எல்லோரும் வந்து சேருங்கள். செல்விக்கு இருக்கிறதா இல்லையா என்று சொல்லாமல் அங்கே எவனும் அன்று வீட்டுக்குப் போக முடியாது.