மனைவிக்கு நான் எழுதிய மரண அறிவித்தல்

முதல் அட்டைப்பூச்சி காலில் ஏறியதுமே என் மனைவி வீட்டுக்குத் திரும்பிவிடுவாள் என்று நம்பியிருந்தேன். பகல் சாப்பாட்டுக்கே வந்துவிடுவாள், வந்து சமைப்பாள் என்று நினைத்து அன்று சோற்றுப் பார்சல்கூட வாங்கவில்லை. இரண்டு மணிக்குப் பிஸ்கட் தின்றேன்.

விஷயம் இதுதான். கண்டிக் குளத்தைச் சுற்றி விடியற்காலையில் நடக்கும் பெண்கள் ஆறு பேர். எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். குளத்தையே சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், ஹுலு கங்கைப் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் நடக்கப் போகிறோம் என்று தீர்மானித்துவிட்டார்கள். பன்விலைக்கு மேலே பழைய தோட்டத்து பங்களா ஒன்றில் தங்கல். பகலெல்லாம் ஆற்றோரமும் தேயிலை மலையும். ஆண்களுக்கு அனுமதி இல்லை. தலைவி, ஓய்வுபெற்ற புவியியல் டீச்சர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முப்பது வருடம் கண்டியில் இருந்தும் பேச்சை ஒரு சொல்கூட மாற்றிக்கொள்ளாதவர். அடுத்தவர் அக்குறணையில் புடவைக்கடை வைத்திருக்கும் அம்மா. என் மனைவி மூன்றாவது. மிச்ச மூவரும் இந்தக் கதையில் சிரிக்க மட்டுமே வருவார்கள்.

நான் வேலை பார்க்கும் கந்தோரில் பெயர்பெற்ற பகிடிக்காரன். என் பகிடிகளில் பாதிக்கு மேல் என் மனைவியைப் பற்றியவை. அவளுடைய உடம்பு, நடை, குறட்டை, அவள் ஆங்கிலம் பேசும் விதம். கல்யாண வீடுகளில் அவள் மண்டபத்துக்குள் வரும்போது, “வழி விடுங்க, தேர் திரும்புது” என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். அவள் சிரித்ததைத்தான் அனுமதி என்று இருபத்தாறு வருடமாக எடுத்துக்கொண்டேன்.

அதனால் பஸ் நிலையத்துக்கு வழியனுப்பப் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. முந்தின நாள் கந்தோரில் வேலை நேரத்தில் எழுதிய ஒரு மரண அறிவித்தல் சட்டைப்பையில் இருந்தது. எங்கள் வானொலியில் வாசிப்பார்களே, அதே குரலை வரவழைத்துக்கொண்டு ஆறு பெண்களுக்கும் நடுவில் நின்று வாசித்தேன்.

“கண்டியைப் பிறப்பிடமாகவும், குசினி அடுப்படியை வதிவிடமாகவும் கொண்டவர், பன்விலை அட்டைகளுக்கு இரையாகிக் காலமானார். அன்னார், பசியோடிருக்கும் ஓர் அப்பாவியின் அன்பு மனைவியும், பல அரிசி மூட்டைகளின் எதிரியுமாவார். பூதவுடலைத் தூக்க ஆள் போதாமையால் இறுதிக் கிரியைகள் மலையிலேயே நடைபெறும். இவ்வறிவித்தலை உற்றார் உறவினர் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.”

கண்டக்டர் மட்டும் சிரித்தான். டீச்சர் என்னைத் தேசப்படத்தில் பிழையாகக் குறித்த இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். என் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “முடிஞ்சதாங்க? பஸ் கெளம்பப் போவுது” என்றாள். அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் போனில் ஒரு படம் வந்தது. அவளுடைய கெண்டைக்கால், அதில் கொழுத்த அட்டை ஒன்று. கீழே, “இது ஏழாவது” என்று எழுதியிருந்தாள். ஏழு அட்டை! வரவேண்டியவள் ஏழு தடவை வராமல் இருந்திருக்கிறாள்.

மூன்றாம் நாள் காலை கண்டியிலேயே மழை கொட்டியது. மலையில் இதைவிட இரண்டு மடங்கு கொட்டும். போன் எடுத்தேன், தொடர்பில்லை. பதினான்கு தடவை எடுத்தேன். டீச்சருடையதும் இல்லை, அக்குறணை அம்மாவுடையதும் இல்லை. அந்தப் பள்ளத்தாக்கில் பாதி இடங்களில் போன் வேலை செய்யாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பதினைந்தாவது தடவை எடுத்தேன். நானே எழுதிய அறிவித்தலை அந்த வானொலிக் குரல் காதுக்குள் மறுபடி வாசிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை பகிடியாக இல்லை.

ஆனால் பயந்துபோய் வந்தேன் என்று ஆறு பெண்களிடம் சொல்லமுடியுமா? அலுமாரியைக் கிளறினேன். அவளுடைய முழங்கால் பட்டி அகப்பட்டது. மறந்துவிட்டுப் போயிருக்கிறாள், கணவன் கொண்டுவந்து கொடுக்கிறான். நல்ல காரணம். அதைப் பிடித்துக்கொண்டு வத்தேகம வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன்.

பன்விலையில் ஓட்டோக்காரன் கேட்ட உடனே சொன்னான். “அந்த நடக்குற அம்மாமாருங்களா? காலையிலேயே ஆத்தோரமா போனாங்களே.” தேயிலைக்குள் ஒற்றையடிப் பாதை தொடங்கும் இடத்தில் இறக்கிவிட்டான். மழை விட்டிருந்தது. நான் இறங்கினேன் என்பதைவிட உருண்டேன் என்பதே சரி. ஒரு தண்ணீர்க் கானுக்குள் இடுப்புவரை விழுந்து எழுந்தேன். என் காலிலும் அட்டை ஏறியிருந்தது. எண்ணவில்லை.

கீழே ஆறு. மண் கரைந்து தேத்தண்ணி நிறத்தில், கரையிலிருந்த புல்லை இழுத்துக்கொண்டு ஓடியது. அதன் ஓரத்தில் தட்டையான ஒரு பாறை. பாறையின்மேல் வரிசையாக ஆறு சோடிச் சப்பாத்து. காலுறைகள் மடித்து உள்ளே வைக்கப்பட்டிருந்தன. மூன்றாவது சோடியில் ஊதா நிறக் கயிறு, “இது என்ன, சின்னப் பிள்ளை சப்பாத்தா?” என்று நான் பகிடி பண்ணிய அதே கயிறு. ஆட்கள் ஒருவரும் இல்லை.

நம் ஊரில் ஆற்றங்கரையில் ஆளில்லாமல் செருப்புக் கிடந்தால் என்ன அர்த்தம் என்று யாருக்குத் தெரியாது? குளிக்க இறங்கியவர்களைப் பற்றிய செய்தி எல்லாமே கரையில் கிடந்த செருப்பில்தான் ஆரம்பிக்கும். நான் சேற்றில் உட்கார்ந்தேன். ஊதாக் கயிற்றுச் சப்பாத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு வாயைத் திறந்தேன்.

அந்தக் கணத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லி அழவேண்டும்? இருபத்தாறு வருடத்தைச் சொல்லி அழலாம். மன்னிப்புக் கேட்டு அழலாம். பெயரைச் சொல்லியாவது அழலாம். நான் அழுதது இப்படி:

“ஐயோ, மாத்திரை எங்க இருக்குன்னு கேக்கலையே! ரெண்டு நாளா பிஸ்கட் திங்கிறேனே! கேஸ் சிலிண்டர் முடிஞ்சா யாருக்குப் போன் பண்றதுன்னுகூடத் தெரியாதே! இனி எனக்கு யாரு இருக்கா?”

இதையே மாற்றி மாற்றி, ராகம் கூட்டி, கால் மணி நேரம் பாடினேன். நடுவில் ஒரு தடவை அரிசி கழுவ எத்தனை தண்ணீர் என்றும் ஆற்றிடம் கேட்டதாக ஞாபகம்.

மேலே மலைச்சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி முதுகுக் கூடையோடு இறங்கி வந்து என்னைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள்.

“எதுக்குங்க ஐயா அழுகுறீங்க?”

“ஆறு பேரும் ஆத்துல போயிட்டாங்க! சப்பாத்துதான் மிச்சம்!”

அவள் சப்பாத்துகளைப் பார்த்தாள். என் மடியைப் பார்த்தாள். “ஐயா டவுனுங்களா?” என்றாள்.

“ஆமா, கண்டி.”

“அதான். அந்தா அந்த வளைவுல முனியாண்டி இருக்காருங்க. இந்தப் பாறையத் தாண்டி யாரும் காலுல எதுவும் போட்டுக்கிட்டுப் போறதில்ல. நாங்களும் இங்கதான் செருப்பக் கழட்டுவோம். கும்புடப் போயிருக்காங்க.” பிறகு மலையைப் பார்த்துக் கத்தினாள். “ஏய், ஒண்ணுமில்லடி! சோறாக்கத் தெரியாத ஐயா ஒருத்தரு!”

மலை முழுக்கச் சிரித்தது.

மூங்கில் புதருக்குப் பின்னாலிருந்து ஆறு பெண்களும் வெறுங்காலோடு வந்தார்கள். இருபதடி தூரம்கூட இல்லை. டீச்சர்தான் முதலில் பேசினார். “தம்பி, அழுதது காணும், நிப்பாட்டுங்கோ. நாங்கள் ஒருத்தரும் சாகேல்லை.”

அக்குறணை அம்மா வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். மற்ற மூவரும் பொத்தவும் முயலவில்லை.

என் மனைவி கிட்ட வந்து கையை நீட்டினாள். நான் எழுந்திருக்கக் கை கொடுக்கிறாள் என்று நினைத்துப் பிடித்தேன். அவள் சப்பாத்தை வாங்கிக்கொண்டாள்.

“மாத்திரை அலுமாரியில ரெண்டாவது தட்டு. கேஸ்காரன் நம்பரு குசினிக் கதவுக்குப் பின்னால ஒட்டியிருக்கு. நாலு வருஷமா அங்கதான் இருக்கு.”

“உனக்கு முழங்கால் பட்டி கொண்டாந்தேன்” என்றேன்.

“நீங்க கட்டிக்கிங்க. நீங்கதான் விழுந்திருக்கீங்க.”

எனக்கு ஆத்திரம் வந்தது. செத்துப்போகாமல் இருந்ததற்காக ஒருத்திமேல் ஆத்திரப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். “நடந்தது போதும், கெளம்பு. வீட்டுக்குப் போவோம்” என்றேன், எல்லோர் முன்னாலும், கணவன் குரலில்.

அவள் பாறையில் உட்கார்ந்து காலுறையை உதறிப் போட்டாள். ஊதாக் கயிற்றை நிதானமாக முடிந்தாள். “இன்னும் ரெண்டு நாளு இருக்குங்க. நாலு மணிக்கு ஒரு பஸ் இருக்கு, விட்டுடாதீங்க.” ஆறு பேரும் ஆற்றை ஒட்டிப் போனார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய நடையைப் பின்னாலிருந்து முதன்முறையாகப் பகிடி தோன்றாமல் பார்த்தேன். வேகமாக நடந்தாள்.

நான் நாலு மணி பஸ்ஸில் வந்தேன். அவள் சொன்னபடி ஐந்தாம் நாள் பின்னேரம் வந்தாள். கறுத்திருந்தாள். அந்த ஆற்றங்கரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழுகைச் சத்தம் தண்ணீர் இரைச்சலில் அவர்களுக்குக் கேட்டிருக்காது, கடைசி வரிகள்தான் காதில் விழுந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் கழித்து அக்குறணைக் கடைக்குச் சட்டைத் துணி எடுக்கப் போனேன். அந்த அம்மா துணியை அளந்துகொண்டே சொன்னார். “நாங்க ஒடனே வரத்தான் பாத்தோம். டீச்சர் எழும்பிட்டாங்க. ஒங்கட வைஃப்தான் கையப் புடிச்சு இருத்தினாங்க.”

என் முதல் கூப்பாட்டிலேயே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது. “இருங்க டீச்சர், இன்னுங் கொஞ்சம் அழட்டும்” என்று சொல்லியிருக்கிறாள். கால் மணி நேரமும் மூங்கிலுக்குப் பின்னால் உட்கார்ந்து, கொண்டுபோன அவித்த கடலையைத் தின்றபடி கேட்டிருக்கிறாள்.