ஜூலியா முடித்த இருநூற்றுப் பதினான்கு பாடங்கள்

கேத்தரின் எதையும் எளிதில் நம்பமாட்டார். மருந்தகத்திலிருந்து வரும் மாத்திரைப் பட்டையின் காலாவதித் தேதியைக்கூட இரண்டு முறை படிப்பார். பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கத்து மருத்துவமனை ஒன்றில் இருபது வருடம் நர்ஸாக இருந்துவிட்டு, 2007இல் நர்ஸ்களின் பயிற்சிப் பொறுப்புக்கு வந்தவர்.

அந்த ஆண்டு டாக்டர், அலுவலர், நர்ஸ் எல்லாருக்குமாக நிர்வாகம் ஓர் இணையப் பயிற்சித் தளம் வாங்கியிருந்தது. ஆறு மாதம் கழித்து, பணியாளர் பிரிவு மேலாளர் அஷ்வின் கேத்தரினைக் கூப்பிட்டார்.

"மேடம், உங்க நர்ஸுங்க இதத் தொடவே இல்ல. அவங்களுக்குன்னு ஈஸியா இன்னொரு தளம் வந்திருக்கு. டெமோ சூப்பர். நீங்க கையெழுத்துப் போட்டா வாங்கிடலாம்."

"டெமோ காட்டினது யாரு? விக்கிறவங்கதானே?"

"வேற யாரு காட்டுவாங்க மேடம்? அப்புறம், ரெண்டாம் மாடி ஒப்பந்த நர்ஸ் சொர்ணம் ஒரு பாடம்கூட முடிக்கல. வெள்ளிக்கிழமையோட அவ வேலை ஒப்பந்தம் முடியுது. நீட்டிக்க முடியாது."

கேத்தரின் பட்டியலை வாங்கிப் பார்த்தார். இரண்டாம் மாடி வார்டில் ஒன்பது நர்ஸ்கள். எட்டுப் பேருக்குப் பூஜ்யம். சீனியர் ஜூலியா முடித்தவை மட்டும் இருநூற்றுப் பதினான்கு. மொத்தப் பாடங்களே இருபத்துநான்குதான்.

ஜூலியா ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று முதலில் தோன்றியது. சொர்ணத்தைக் கேட்டால், "எல்லாம் முடிச்சிட்டேன் மேடம்" என்றாள். அவளையும் நம்ப முடியவில்லை.

மறுநாள் மருந்துத் தட்டைச் சரிபார்க்கும் சாக்கில் வார்டு கவுன்டர் அருகே போய் நின்றார். காலையில் ஜூலியா கணினியைத் திறந்து ஒரு பாடம் படித்துவிட்டு எழுந்தாள். மதியம் அதே நாற்காலியில் சொர்ணம் வந்து உட்கார்ந்தாள். துண்டுத் தாளில் குறிப்பெடுத்துக்கொண்டு பொறுமையாகப் படித்தாள். திரையின் மேல் மூலையில் ஜூலியாவின் பெயர் அப்படியே இருந்தது.

"யாரு பேர்ல படிக்கிறே?"

"இது வார்டு கம்ப்யூட்டர்தானே மேடம். சீனியர் திறந்து வெப்பாங்க, நாங்க படிப்போம். மூடினா ஜூலியா அக்கா திட்டுவாங்க."

"பின்ன? மறுபடி பாஸ்வேர்டு கேக்குது மேடம்," என்றாள் அங்கே வந்த ஜூலியா. "இவளுங்க யாருக்கும் அது ஞாபகமே இல்ல."

கேத்தரினுக்குச் சந்தேகம் தீரவில்லை. அங்கேயே பாடத்துக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"கையில ஊசி குத்திடுச்சு. என்ன பண்ணுவே?"

"சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவணும். அமுக்கிப் பிழியக்கூடாது. உடனே ரிப்போர்ட் பண்ணணும்."

இருபத்திரண்டு கேள்விகளுக்குச் சரியான பதில். இரண்டுக்கு மட்டும், "தெரியல மேடம்" என்றாள். அந்த இரண்டு பதில்கள்தான் கேத்தரினை நம்ப வைத்தன.

வெள்ளிக்கிழமை காலை அஷ்வினிடம் தன் அறிக்கையைக் கொடுத்தார். இன்னொரு தளம் வாங்கினாலும் அதே கவுன்டரில், அதே ஒரு பெயரில்தான் திறந்து கிடக்கும். இருக்கிற ஒன்றே போதும், ஒவ்வொருவரும் அவரவர் பெயரில் நுழைந்தால் சரி என்று அதில் எழுதியிருந்தார். சொர்ணத்தின் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லி, அவளுடைய பதில்களையும் இணைத்திருந்தார். அஷ்வின் தயங்கினார்.

"சிஸ்டத்துல ஜீரோன்னுதானே இருக்கு மேடம்?"

"ஜூலியா இருபத்துநாலு பாடத்துல இருநூத்திப் பதினாலு முடிச்சான்னும் அதே சிஸ்டம்தான் சொல்லுது. அதையும் நம்புறீங்களா?"

அஷ்வின் சொர்ணத்தின் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டித்துக் கையெழுத்திட்டார். "மதியம் சீல் போட்டு அனுப்பிடறேன் மேடம், நீங்க கெளம்புங்க" என்றார்.

"இருக்கட்டும் சார். போடுங்க, கையோட வாங்கிட்டுப் போறேன்" என்று கேத்தரின் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.